ஆறுக்கு ஐந்து கணக்கு

எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் ஒலிக்கும். கேசட்டில் தொடங்கி, சி.டி.க்கு மாறி, இப்போது அம்மாவின் போனிலிருந்து வருகிறது. வாசல் தெளித்துக்கொண்டே, பால் காய்ச்சிக்கொண்டே அம்மாவும் கூடச் சொல்லிக்கொண்டிருப்பார். நாற்பது வருடப் பழக்கம். பாட்டை நிறுத்திவிட்டாலும் அதே வேகத்தில் சொல்லி, அதே இடத்தில் மூச்சு விடுவார்.

அதனால்தான் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) பழைய சுப்ரபாதத் தட்டை நான் புதிதாக வந்த ரெக்கார்டு பிளேயரில் போட்ட அன்று, இரண்டு சுலோகம் முடிவதற்குள் அம்மா முன்னால் போய்விட்டார். தட்டு பின்தங்கி வந்தது. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்.

"என்ன கண்ணு, இது எம்.எஸ். அம்மா குரலாட்டமே இல்லையே. கனமா, இழுத்து இழுத்து வருது."

தட்டு பழசு, அறுபது வருடம் ஆகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். அது தவறு. தட்டில் ஒரு குறையும் இல்லை. அந்தத் தவறைச் சரி செய்யப் போனதில்தான் இசைத்தட்டு என்றால் என்ன என்றே எனக்குப் புரிய ஆரம்பித்தது.

முதலில் தட்டுகள் எப்படி வந்தன என்று சொல்லிவிடுகிறேன். அப்புச்சி கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அவர் வீட்டை ஒழித்தபோது அட்டாலியிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியில் அறுபதுக்கு மேல் தட்டுகள் இருந்தன. 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட சுப்ரபாதம் அதில் ஒன்று. பக்கத்துக்கு இரண்டு பாட்டு வீதம் 4 பாட்டு இருக்கும் 7 அங்குலச் சினிமாத் தட்டுகள் நிறைய. ஒரு முழுப்படத்தின் கதை வசனத்தையும் இரண்டு பெரிய தட்டில் அடக்கியவை சில. டி.வி. இல்லாத காலத்தில் வீட்டில் உட்கார்ந்து படம் 'கேட்ட' தலைமுறை அது. அம்மாவுக்கு அந்த வசனங்கள் இன்னும் மனப்பாடம். அடியில், வினைல் எனும் பிளாஸ்டிக் தட்டுகள் வருவதற்கு முந்தைய அரக்குத் தட்டுகள் சில கிடந்தன. பெரும்பாலும் உடைந்து போயிருந்தன.

பிளேயர், அமெரிக்காவிலிருந்து வந்த அத்தான் கொண்டுவந்தது. அங்கே யாரோ பழசாக விற்றதை வாங்கி, துணிமணிக்கு நடுவில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். பின்பக்கம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தது. வோல்ட்டைப் பார்த்தேன், 230ஐ 120 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி மாட்டினேன். பக்கத்திலேயே இருந்த 60 ஹெர்ட்ஸை நான் படிக்கவே இல்லை.

அம்மா சின்ன வயதில் கொஞ்ச காலம் வீணை கற்றவர். அன்று மதியம் சி.டி.யில் சுப்ரபாதத்தைப் போட்டு ஸட்ஜத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு தட்டைப் போடச் சொன்னார். சி.டி.யின் ஸட்ஜத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டே தட்டின் சுருதியோடு ஒட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தட்டை வச்சுப் பார்த்தா, சி.டி.யோட ஸட்ஜம் சாதாரண காந்தாரத்துல நிக்குது."

ஸட்ஜம் என்பது 'ஸ'. சாதாரண காந்தாரம் அதற்கு மேலே வரும் 'க' ஸ்வரங்களில் ஒன்று. அதாவது தட்டின் சுருதி அந்த அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஐந்து கட்டையில் பாடியதை மூன்று கட்டையில் கேட்பது போல.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சுழல்தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதம் ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டியது ஏறக்குறைய 28தான் சுற்றியது. 28ஐ 33⅓ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஆறில் ஐந்து பங்கு. அப்போதுதான் 60 ஹெர்ட்ஸ் கண்ணில் பட்டது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 60க்கு 50, ஆறுக்கு ஐந்து. சாதாரண காந்தாரத்துக்கும் ஸட்ஜத்துக்கும் உள்ள அதிர்வெண் விகிதத்தைச் சுருதிக் கணக்கில் தேடினேன். அதுவும் 6/5. அம்மா காதால் அளந்ததும் நான் கடிகாரத்தால் எண்ணியதும் மின்வாரியம் அனுப்புகிற மின்சாரமும் ஒரே எண்ணில் வந்து நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போது நினைத்தாலும் அப்படித்தான்.

விஷயம் இதுதான். மோட்டார் ஒரு பெல்ட் வழியாகத் தட்டைச் சுழற்றும் பழைய பிளேயர்கள் பலவற்றில் இருப்பது சின்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தை வோல்ட் தீர்மானிப்பதில்லை. மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை மாறி மாறி வருகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை ஒன்றும் செய்யாது. அதனால் அமெரிக்காவிலிருந்து யாராவது பிளேயர் கொண்டுவருவதாகச் சொன்னால், பின்பக்கத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி இரண்டு எண்ணையும் பாருங்கள். அடாப்டரில் ஓடும் டி.சி. மோட்டார் என்றால் கவலை இல்லை. மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றும் டைரக்ட் டிரைவ் வகைகளுக்கும் இந்தத் தொல்லை கிடையாது, வோல்ட் மட்டும் பொருந்தினால் போதும். பெல்ட்டும் ஏ.சி. மோட்டாரும் சேர்ந்திருந்தால் மோட்டார் தலையில் இருக்கும் சின்னப் புல்லியை மாற்ற வேண்டும்.

அந்தப் புல்லி இங்கே கடையில் கிடைக்காது. ஆனால் இது கோயம்புத்தூர். ஆவாரம்பாளையம் பக்கம் போனால் தெருவுக்கு நாலு லேத் பட்டறை. பம்பு, மோட்டார், மில் உதிரி என்று எதை வேண்டுமானாலும் கடைந்து தருகிற ஊர். ஒரு பட்டறை அண்ணனிடம் பழைய புல்லியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தவர், "இது எதுக்குங்க தம்பி? தையல் மெஷினுக்கா?" என்றார். பாட்டுத் தட்டு சுற்றுவதற்கு என்றதும் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த வேலையை ஓரமாக வைத்துவிட்டு, அளப்பதற்கு வெர்னியரை எடுத்தார்.

புல்லியில் 33 வேகத்துக்குப் பெல்ட் ஏறும் படி சரியாக 10 மி.மீ. விட்டம். மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றுகிறது என்றால் புல்லி ஐந்துக்கு ஆறு பெரிதாக வேண்டும். 12 மி.மீ. என்று எழுதிக் கொடுத்தேன். பித்தளையில் கடைந்து மறுநாளே தந்துவிட்டார். மாட்டினேன். சுப்ரபாதம் போட்டேன். அம்மா கூடவே சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். "சரியாயிடுச்சு கண்ணு" என்றார்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வேகம் பார்க்கும் தாள் என்று ஒன்று உண்டு, அதையும் அச்சடித்து வைத்திருந்தேன். வட்டமான தாளில் சுற்றிலும் 180 கோடு. 50 ஹெர்ட்ஸ் விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னும். 33⅓ சரியாக இருந்தால் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு கோடு நகர்ந்து, பார்ப்பதற்குக் கோடுகள் அப்படியே நிற்பது போல இருக்கும். எல்.இ.டி. விளக்கில் இதைப் பார்க்க முடியாமல் போகலாம், பல எல்.இ.டி.கள் அப்படி மின்னுவதில்லை. நியான் போட்ட பழைய சின்ன இரவு விளக்கு நன்றாக வேலை செய்யும். அதைக் காட்டிப் பார்த்தபோது கோடுகள் நிற்கவில்லை. விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கோடு வீதம் மெதுவாகப் பின்னால் போயின. நூறில் ஒரு பங்கு வேகம் குறைவு.

மறுபடி பட்டறைக்குப் போனேன். கடைசலில் பிழையா என்று அவரே அளந்தார், 12.00. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு பெல்ட்டைக் கேட்டார். விரலால் நசுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"பெல்ட்டு கனத்தை விட்டுட்டீங்களேங்க தம்பி."

பெல்ட்டின் கனம் 0.6 மி.மீ. பெல்ட் புல்லியின் மேல் ஏறி உட்காரும்போது இழுக்கிற விட்டம் 10 இல்லை, 10.6. அதை ஐந்துக்கு ஆறாகப் பெருக்கினால் 12.72. அதில் பெல்ட்டைக் கழித்தால் 12.12. அந்த 0.12தான் நூறில் ஒரு பங்கு. அவருக்கு இது தினசரி வேலை, எனக்குப் பாடம். இரண்டாவது புல்லிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "பாடுதான்னு மட்டும் வந்து பார்க்கறேனுங்க" என்றார். கோடுகள் நின்றன.

வேகம் சரியான பிறகும் நான் செய்த பிழைகள் உண்டு. அதில் ஒன்று தட்டையே கெடுக்கக்கூடியது, அதனால் சொல்கிறேன். முள் எவ்வளவு லேசாக அழுத்துகிறதோ அவ்வளவு தட்டுக்கு நல்லது என்று நினைத்து, 2 கிராம் வைக்க வேண்டிய கார்ட்ரிட்ஜுக்கு (முள்ளைத் தாங்கும் சின்னப் பெட்டி) 1 கிராம்தான் வைத்திருந்தேன். உரத்த இடங்களில் குரல் கரகரத்தது. எடை குறைந்தால் முள் பள்ளத்தின் சுவரோடு ஒட்டி ஓடாமல் துள்ளித் துள்ளி விழும். அப்படி விழுந்த இடத்தில் சுவர் காயப்படும், அந்தக் காயம் ஆறாது. தயாரிப்பாளர் சொன்ன எடையை அப்படியே வையுங்கள். நகைக்கடையில் பயன்படுத்துவது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு போதும். பெட்டி போன்ற மலிவான பிளேயர்களிலும் பழைய செராமிக் கார்ட்ரிட்ஜ்களிலும் அழுத்தம் அதிகம். நல்ல தட்டை அதில் போடாமல் இருப்பது உத்தமம்.

இன்னொன்று, ஆம்ப்ளிஃபயரில் 'போனோ' என்று எழுதிய துளையில்தான் பிளேயரைச் செருக வேண்டும். வேறு துளையில் செருகினால் கொசு பாடுவது போல ஒல்லியாக வரும். தட்டு வெட்டும்போதே கனத்த ஒலிகளைக் குறைத்தும் கீச்சொலிகளைக் கூட்டியும்தான் வெட்டுவார்கள். அப்படியே வெட்டினால் தவில் ஒலிக்கே பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் போய் இடிக்கும், ஒரு பக்கத்தில் பாதிக் கச்சேரிகூடக் கொள்ளாது. கேட்கும்போது ஆம்ப்ளிஃபயரின் போனோ மின்சுற்று அதைத் திருப்பிப் போடுகிறது. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதை 1954இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற தன் பெயரில் ஒரே அளவாக்கியது. ஆம்ப்ளிஃபயரில் போனோ இல்லையென்றால் தனிப் பெட்டியாக வாங்கிக்கொள்ளலாம். ம்ம்ம் என்று இரைந்தால் பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் திருகில் மாட்டியிருக்கிறோமா என்று பாருங்கள். என் வீட்டில் அது ஒரு வாரம் தொங்கிக்கொண்டு கிடந்தது.

சுத்தம் செய்வது பற்றி ஆளுக்கு ஒரு முறை சொல்வார்கள். நான் செய்வது: பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மிக மென்மையான துணி, தட்டின் வட்டத்தோடு போகும் துடைப்பு, கடைசியாக வெறும் வடிநீரில் ஒரு அலசல். நடுவில் இருக்கும் லேபிளில் தண்ணீர் படக்கூடாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு பள்ளத்தில் தங்கிவிடும். பூஞ்சை பிடித்த வினைல் தட்டுக்குச் சிலர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் கலப்பார்கள். அதை அரக்குத் தட்டில் மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். மர நாற்காலிக்கு பாலிஷ் போடுகிறவர் அரக்கை எதில் கரைக்கிறார் என்று பார்த்தால் தெரியும். தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் படும் ஜன்னலோரம் கூடாது. ஏப்ரல் மாதத்தில் காருக்குள் ஒரு தட்டை மறந்து வைத்துவிட்டு வந்தேன், அது இப்போது அப்பளம் போல இருக்கிறது.

பழைய தட்டு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். லேபிளில் ஏதாவது சவுண்ட் சர்வீஸ் பெயரோ பெயிண்டில் எழுதிய எண்ணோ இருந்தால் அது மைக் செட்காரர் தட்டு. கல்யாண வீட்டிலும் கோயில் நோம்பியிலும் குழாய் ஸ்பீக்கரில் நூற்றுக்கணக்கான தடவை ஓடியிருக்கும். அந்தத் தட்டுக்கு என்னிடம் மரியாதை உண்டு. ஒரு ஊரே அதைக் கேட்டிருக்கிறது. ஆனால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்கள் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்துத் தெரியும். அப்படி இருந்தால் எவ்வளவு கழுவினாலும் இரைச்சல் போகாது. சென்னையில் பழைய தட்டு என்றாலே மூர் மார்க்கெட்தான். 1985இல் எரிந்துபோன பிறகும் அல்லிக்குளம் பக்கத்துக் கடைகளுக்கு அதே பெயரைத்தான் சொல்கிறார்கள். எங்கே வாங்கினாலும் தட்டை உறையிலிருந்து எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

சரி, இவ்வளவு பாடுபட்டுக் கேட்கிறோமே, சத்தம் சி.டி.யை விட நன்றாக இருக்கிறதா?

நேர்மையாகச் சொன்னால், இல்லை. 1982இல் வந்த சி.டி. விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் பதிகிறது. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே அது தரக்கூடிய இடைவெளி 96 டெசிபல். மிக நல்ல வினைல் தட்டுகூட 70ஐ நெருங்கினால் பெரிய விஷயம். தட்டு தேயும், தூசு வெடிக்கும். வெளி விளிம்பில் முள்ளுக்குக் கீழே விநாடிக்கு அரை மீட்டர் தடம் ஓடுகிறது. மையத்துக்கு வரும்போது 20 சென்டிமீட்டர் சொச்சம்தான். அதே ஒலியை அவ்வளவு சின்ன இடத்தில் நெருக்கி எழுத வேண்டும். அதனால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ஷ' எழுத்துகள் கொஞ்சம் சீறும். சி.டி.யில் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் ஒன்றுதான்.

தட்டில் மட்டும் ஏதோ உயிர் இருக்கிறது, டிஜிட்டலில் அது செத்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நானும் நம்பினேன். அதனால் ஒரு சோதனை செய்தேன். ஒரு கச்சேரித் தட்டை ஓட விட்டு, சி.டி.க்கு உரிய அதே 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் கணினியில் பதிந்தேன். பிறகு அம்மாவை முதுகு காட்டி உட்கார வைத்து, தட்டையும் பதிவையும் சத்தம் ஒன்றாக இருக்கும்படி வைத்து மாற்றி மாற்றிப் போட்டேன். சாதாரண காந்தாரம் வரைக்கும் அளந்த காது அது. அம்மாவால் பிரிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. தட்டின் 'உயிர்' அப்படியே கணினிக்குள்ளும் வந்துவிட்டது, வெடிப்புச் சத்தம் உட்பட.

அப்படியென்றால் கடையில் வாங்கிய சி.டி.யும் ஸ்ட்ரீமிங்கும் தட்டும் ஏன் வேறு வேறாகக் கேட்கின்றன? ஒரே பாட்டைப் புதிதாக வெளியிடும்போது எப்படி மெருகேற்றினார்கள் என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம். எல்லாமே உரக்கக் கேட்க வேண்டும் என்று மெல்லிய இடங்களையும் தூக்கி நிறுத்திய சி.டி.கள் 1990களின் பிற்பாதியிலிருந்து உலகம் முழுக்க வந்தன. பழைய மோனோ (ஒரே தடமாகப் பதிந்த) பாட்டுக்கு எதிரொலி சேர்த்து, இரண்டு பக்கமும் பிரித்து 'ஸ்டீரியோ' என்று விட்டவற்றை நானே ஸ்ட்ரீமிங்கில் கேட்டிருக்கிறேன். 1970களின் கடைசி வரை தமிழ்ச் சினிமாப் பாட்டு பெரும்பாலும் மோனோதான். தட்டில் அது மோனோவாகவே இருக்கிறது: குரல் நடுவில், வாத்தியங்கள் அதன் பின்னால், ஒரே கூடத்தில் எல்லோரும் நிற்பது போல. (ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் இந்தத் தட்டுகளுக்கு அதை அழுத்துங்கள். தூசியால் முள் மேலும் கீழும் குதிப்பதில் வரும் இரைச்சலில் பெரும்பகுதி அதில் அடிபட்டுப் போகும்.) ஆகவே 'வினைலா டிஜிட்டலா' என்று கேட்பதைவிட 'எந்தப் பதிப்பு' என்று கேட்டுப் பழகிக்கொண்டேன். நன்றாகச் செய்த சி.டி. கையில் கிடைத்தால் விடாதீர்கள். இப்போது பழைய சி.டி.யை யாரும் மதிப்பதில்லை, அது நமக்கு லாபம்.

ஆனால் 2000ங்களில் நான் வாங்கிக் குவித்த எம்.பி.3 சி.டி.கள், ஒரு வட்டில் 150 பாட்டு என்று வந்தவை, பாதிக்கு மேல் இன்று படிக்கவில்லை. ஸ்ட்ரீமிங்கில் நான் சேர்த்து வைத்திருந்த ஒரு கச்சேரி ஒரு நாள் சாம்பல் நிறமாகி நின்றது. உரிமை முடிந்ததா, என்ன ஆனது என்று சொல்ல ஆள் இல்லை. இந்த இரண்டிலும் எனக்கு வலித்தது பாட்டு போனது மட்டும் இல்லை. நான் செய்யக்கூடியது ஒன்றுமே இருக்கவில்லை என்பதுதான். தட்டு மெதுவாக ஓடினால் எண்ணலாம், கடையலாம். முள் தேய்ந்தால் மாற்றலாம். அறுபது வருடத்துக்கு முந்தைய தட்டின் குறை, ஒரு வீணை கற்ற பெண்ணின் காதுக்கும் ஒரு லேத்காரரின் வெர்னியருக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. எனக்கு வினைலின் ஈர்ப்பு இதுதான். கேட்கிறவன் கைக்குள் அடங்குகிற பொருள் அது.

இன்னொன்றும் உண்டு. கச்சேரித் தட்டின் உறையைத் திருப்பினால் வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று இருக்கும். பல தட்டுகளில் ஒவ்வொரு பாட்டுக்கும் ராகம், தாளம், இயற்றியவர் பெயரும் இருக்கும். அதே கச்சேரி ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் பாடகர் பெயரோடு நின்றுவிடுகிறது. பக்கவாத்தியக்காரரின் பெயர் தெரியாமலேயே அவர் வாசிப்பை இருபது வருடம் கேட்டிருக்கிறேன் என்று அப்புச்சியின் உறைகளைப் படித்தபோதுதான் உறைத்தது. அந்த நிறுவனங்கள் இந்தத் தகவலையும் சேர்த்துப் போடுவதற்கு எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. போட வேண்டும்.

அப்புறம், ஒரு பக்கம் 20 நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும். எழுந்து போய்த் திருப்ப வேண்டும். முதலில் தொந்தரவாக இருந்தது. இப்போது அந்த 20 நிமிடத்துக்குள் நான் போனை எடுப்பதில்லை. எடுக்கக் கூடாது என்று விரதம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம்தானே, முடியட்டும் என்று மனசு தானாகவே உட்கார்ந்துகொள்கிறது. ஸ்ட்ரீமிங்கை நான் விடவில்லை. பஸ்ஸில் அதுதான், புதுப் பாட்டைத் தெரிந்துகொள்ள அதுதான். அம்மாவின் காலைச் சுப்ரபாதமும் போனில்தான். ஐந்தரை மணிக்குத் தட்டை எடுத்துத் துடைத்து முள்ளை இறக்க யாருக்கு முடியும்?

பட்டறை அண்ணன் சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தட்டு சுற்ற ஆரம்பித்ததும் பாட்டை விட்டுவிட்டுப் புல்லியைத்தான் பார்த்தார். தள்ளாட்டம் இல்லை என்று உறுதி ஆன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, முள்ளுக்குப் பக்கத்தில் காதை வைக்கச் சொன்னேன். ஸ்பீக்கர் இல்லாமலேயே முள் முனையிலிருந்து பாட்டு கேட்டது, எறும்பு பாடுவது போலச் சன்னமாக. குனிந்த தலையை அவர் ரொம்ப நேரம் நிமிர்த்தவில்லை. "வெறும் பள்ளத்துல இருந்தா வருது!" என்றார். ஒரு பக்கத்தில் அந்தப் பள்ளத்தின் நீளம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் என்று சொன்னேன். இங்கிருந்து மெயின் ரோடு வரைக்கும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஒரு தட்டு. அரக்குத் தட்டு, 78 வேகம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரம். அவருடைய அப்பாரு வாங்கியதாம். வீட்டில் பிளேயர் போய் நாற்பது வருடமாம். அவர் அதைக் கேட்டதே இல்லையாம். ஓரத்தில் நகக்கண் அளவு சில்லுப் பெயர்ந்திருந்தது. பள்ளம் தப்பித்திருந்தது.

என் பிளேயரில் 33ம் 45ம்தான் உண்டு. 78 தட்டின் பள்ளம் அகலமானது. வினைல் முள் அடியில் போய் உருளும், சுவரில் நிற்காது. அதற்கென்று மூன்று நான்கு மடங்கு பருத்த முனையுள்ள முள் தனியாக விற்கிறார்கள், என் கார்ட்ரிட்ஜில் அதை அப்படியே மாட்டலாம். முள்ளை நான் வாங்கிவிடுகிறேன் என்றேன். வேகத்துக்குப் புல்லியில் மூன்றாவது படி வேண்டும். 78ஐ 33⅓ஆல் வகுத்தால் 2.34. அவர் பட்டறை பில்லின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். 12.72ஐ 2.34ஆல் பெருக்கினார். மோட்டார் மூடிக்கும் புல்லிக்கும் நடுவே அந்த அளவுக்கு இடம் இருக்கிறதா என்று வெர்னியரை நுழைத்துப் பார்த்தார். பெல்ட் அவ்வளவு தூரம் இழுபட்டால் தாங்குமா என்று விரலில் மாட்டி இழுத்தார். மூடியில் கொஞ்சம் அரம் போட்டால் போதும் என்று முடிவானது.

நான் 29.16 என்று சொன்னேன். எழுதிக்கொண்டு நிமிர்ந்தார்.

"பெல்ட்டு கனத்தைக் கழிச்சாச்சுங்களா?"

"கழிச்சாச்சுங்க."